கத்தரித்த வசனமும் முழு வேதமும்



வேதத்தை மதிப்பது, அதைப் பிறருக்குக் கொடுப்பது என்ற தலைப்பில் பேசச் சொல்லி அழைத்திருக்கிறீர்கள். எத்தனை ஊருக்குப் போனோம், எத்தனை கைப்பிரதி கொடுத்தோம் என்று எனக்கு முன் பேசியவர்கள் சொன்னார்கள். அந்த உழைப்பை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. ஊருக்கெல்லாம் கொடுக்கிறோமே, அந்த 66 ஆகமங்களையும் நாம் படித்திருக்கிறோமா?

கல்யாணத்துக்கு வேதாகமம் பரிசு கொடுக்கிறோம். புதுமனை புகுவிழாவுக்குக் கொடுக்கிறோம். ஜிப் வைத்த உறை போட்டுப் பத்திரமாக வைக்கிறோம். தரையில் வைத்தால் பதறி எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும் வரிசையில் நின்று வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோம். அந்த அட்டையில் என்ன இருக்கும்? ஆசீர்வாதம் இருக்கும், பெருக்கம் இருக்கும், சத்துரு விழுவான் என்று இருக்கும். நீங்களும் எத்தனையோ ஆண்டுகளாக எடுத்து வருகிறீர்கள். ஏழையை ஒரு ஜோடு செருப்பு விலைக்கு விற்றவர்களை ஆமோஸ் கண்டிக்கிறானே, அந்த வசனம் யாருக்காவது வந்ததுண்டா? பொன்மோதிரக்காரனை நல்ல இடத்தில் உட்காரவைத்து, கந்தை கட்டினவனை ஓரமாக நிற்கச் சொல்கிற சபையை யாக்கோபு கேட்கிற கேள்வி, உங்களில் ஒருவர் கைக்காவது அட்டையாக வந்ததா? வந்திருக்காது. அதை யாரும் அச்சடிப்பதே இல்லை.

இது சின்னக் குற்றம் என்று நினைக்காதீர்கள். எரேமியா புத்தகம் 36-ஆம் அதிகாரத்தை இன்று வீட்டுக்குப் போய் எடுத்து வாசியுங்கள். குளிர்காலம். ராஜா யோயாக்கீம் கணப்படுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறான். தீர்க்கதரிசி சொல்லச் சொல்லப் பாரூக் எழுதிய சுருளை யெகுதி வாசிக்கிறான். மூன்று நான்கு பத்தி வாசித்ததும் ராஜா கத்தியை எடுத்து அந்த இடத்தை அறுத்து நெருப்பில் போடுகிறான். வாசிக்க வாசிக்க அறுக்கிறான். சுருள் முழுவதும் சாம்பலாகிறது. அவன் செய்ததைக் கேட்டு நாம் பதறுகிறோம். அவன் வேண்டாததை அறுத்து நெருப்பில் போட்டான். நாம் வேண்டியதை அறுத்து அட்டையில் ஒட்டிக்கொண்டு மீதியைத் திறக்காமலே வைத்திருக்கிறோம். கேட்கப் பிடிக்காத வார்த்தை நம் காதில் விழக் கூடாது என்பதில் அவனுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? அந்தச் சுருள் மறுபடி எழுதப்பட்டது, முன்னிருந்ததைவிட அதிகமாகவே எழுதப்பட்டது என்பதையும் அதே அதிகாரத்தில் பாருங்கள்.

இந்தப் புத்தகம் நம் கைக்கு வந்த வழியை நினைத்துப் பாருங்கள். 1706 ஜூலையில் மிஷனரிகளான சீகன்பால்கும் புளுட்சோவும் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார்கள். சீகன்பால்குக்குத் தமிழில் ஒரு எழுத்துத் தெரியாது. சிறு பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரல் வைத்து எழுதிப் பழகினார். அழகப்பன் போன்ற நம்மூர்க்காரர்கள் அவருக்கு மொழி சொல்லிக் கொடுத்தார்கள். 1708-இல் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்கத் தொடங்கினார். கொஞ்ச நாளிலேயே டேனிஷ் கோட்டைத் தளபதி அவரைப் பிடித்துச் சில மாதங்கள் சிறையில் வைத்தார். வெளியே வந்து வேலையைத் தொடர்ந்தார். ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் மிகப் பெரியவை, காகிதத்தை விழுங்கின. இங்கேயே பொறையாறில் ஈயம் உருக்கிச் சிறிய எழுத்து வார்த்தார்கள். காகிதத்துக்கும் தட்டுப்பாடு என்று அங்கே காகித ஆலையே வைத்தார்கள். 1715-இல் புதிய ஏற்பாடு முழுவதும் அச்சேறியது. இந்திய மொழிகளில் முதலில் அச்சான புதிய ஏற்பாடு தமிழ்தான். பழைய ஏற்பாட்டில் ரூத்தின் புத்தகம் வரை வந்தபோது, 36 வயதில் அவர் இறந்துபோனார். மீதியை அவருக்குப் பின் வந்த மிஷனரி சுல்ட்சே செய்து முடித்தார். இத்தனை பாடும் பட்டது கண்ணாடி அலமாரியில் வைப்பதற்கா?

இனி நான் சொல்லப் போகிற மனிதரின் பெயரை நம் ஓய்வுநாள் பள்ளிகளில் சொல்லித் தருவதில்லை. அவர் ராஜநாயக்கன். தஞ்சை மன்னரின் படையில் சேவகம் பார்த்தவர். பறையர் குலத்தில் பிறந்தவர், ரோமன் கத்தோலிக்கர். தரங்கம்பாடியில் அச்சான சுவிசேஷப் புத்தகம் அவர் கைக்கு வந்தது. எந்த மிஷனரியும் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. இன்னொருவரிடம் இருந்ததை வாங்கி வாசித்தார். வாசித்தவரால் சும்மா இருக்க முடியவில்லை. தரங்கம்பாடிக்கு நடந்து வந்தார், கேள்வி கேட்டார், பிறகு உபதேசியார் ஆனார். வெள்ளைக்கார மிஷனரி நினைத்தபடி நுழைய முடியாதிருந்த தஞ்சை நாட்டில், அடியும் பகையும் பட்டு, 40 ஆண்டுகளுக்கு மேல் ஊர் ஊராக வேதத்தை வாசித்துக் காட்டினார். வேதத்தை மதிப்பது எப்படி, பிறருக்குக் கொடுப்பது எப்படி என்று கேட்டால் நான் காட்டுகிற ஆள் இவர்தான்.

இவருக்குச் சபை என்ன செய்தது? 1733-இல் வேளாளரான ஆரோனுக்குக் குருப்பட்டம் கொடுத்தார்கள். ஆரோன் ஐயர் தகுதி உள்ளவர், அதில் எனக்கு மறுப்பில்லை. அடுத்து யாருக்குக் கொடுப்பது என்ற பேச்சு வந்தபோது ராஜநாயக்கனின் பெயரும் வந்தது. அவருடைய பக்தியிலும் உழைப்பிலும் யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் அவர் கையால் நற்கருணை கொடுத்தால் மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் அதை மதிக்கமாட்டார்கள் என்று மிஷனரிகள் தயங்கினார்கள். 1741-இல் பட்டம் இன்னொருவருக்குப் போனது. ராஜநாயக்கன் 1771-இல் உபதேசியாராகவே மரித்தார்.

பெரியோர்களே, அந்தப் புத்தகம் அவரிடம் சாதி கேட்கவில்லை. அந்தப் புத்தகத்தை அச்சடித்த சபை கேட்டது! யாக்கோபின் நிருபம் அவர்கள் கையில் இருந்தது. அதைத் தமிழில் எழுத்துக் கோத்து அச்சடித்தவர்களே அவர்கள்தான். வாசித்தும் கேளாமல் போனார்கள். பிறகு 1833-இல் பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு உடனே ஒழிய வேண்டும் என்று கட்டளையிட்டபோது, தஞ்சாவூரிலும் சென்னையிலும் எத்தனை பேர் கோபித்துக்கொண்டு சபையைவிட்டு எழுந்து போனார்கள்! வேதத்தை விட்டுப் போகிறோம் என்று அவர்கள் நினைக்கவில்லை. வேதம் கையில் இருக்கிறது, சாதியும் கையில் இருக்கட்டும் என்றார்கள்.

பழைய கதை என்று தள்ளாதீர்கள். கல்லறைத் தோட்டத்தில்கூடச் செத்தவர்களைச் சாதிவாரியாகப் பிரித்து வைக்கிற இடங்கள் தமிழ்நாட்டில் இன்றும் உண்டு. உயிர்த்தெழுதலைப் பற்றிய அதிகாரத்தை அடக்க ஆராதனையில் வாசித்துவிட்டு, இந்தச் சவம் இந்தப் பக்கம், அந்தச் சவம் அந்தப் பக்கம் என்று கொண்டுபோகிறார்கள். பெண் பார்க்கும்போது முதலில் கேட்பது என்ன சபை என்பதா, என்ன சாதி என்பதா? உங்கள் மனசாட்சி பதில் சொல்லட்டும். இப்படி இருந்துகொண்டு பேருந்து நிலையத்தில் நின்று முன்பின் தெரியாத ஒருவர் கையில் சுவிசேஷத்தைத் திணிக்கிறோம். அவர் அதைப் படித்துவிட்டு நம் தெருவுக்கு வந்து, இதில் உள்ளபடியா நடக்கிறீர்கள் என்று கேட்டால் என்ன சொல்வோம்?

ஆகவே கொடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கட்டாயம் கொடுக்க வேண்டும். தன் மதத்தைக் கைக்கொள்ளவும் அறிவிக்கவும் நம் அரசியல் சாசனத்தின் 25-ஆம் பிரிவு எல்லாருக்கும் உரிமை தந்திருக்கிறது. அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. ஆனால் கொடுக்கிற முறை ஒன்று இருக்கிறது. அப்போஸ்தலர் நடபடிகளில் பிலிப்பு ரதத்தின் ஓரமாக ஓடினான். எத்தியோப்பிய மந்திரி ஏற்கெனவே ஏசாயாவை வாசித்துக்கொண்டிருந்தார். வாசிப்பது விளங்குகிறதா என்று கேட்டான். அவர் ஏறி உட்காரச் சொன்ன பிறகுதான் ஏறினான். அவர் வாசித்த இடத்திலிருந்தே பேச்சைத் தொடங்கினான். அவர் படித்தது என்னவென்று இவனுக்குத் தெரிந்திருந்தது.

நமக்கு எதிர்வீட்டுக்காரர் என்ன படிக்கிறார் என்று தெரியுமா? சீகன்பால்கு தமிழரின் ஓலைச்சுவடிகளைத் தேடிச் சேர்த்தார். உலகநீதியையும் கொன்றைவேந்தனையும் நீதிவெண்பாவையும் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். தமிழரின் தெய்வங்களைப் பற்றி விரிவான நூல் எழுதி ஹாலேக்கு அனுப்பினார். அங்கே அதை அச்சிடவில்லை. 1867-இல்தான் சென்னையில் அது வெளிவந்தது. அவர் எல்லாவற்றிலும் சரியாக இருந்தார் என்று நான் சொல்லமாட்டேன். தன் வேதத்தைக் கொடுக்க வந்தவர் பிறர் நூலை முதலில் உட்கார்ந்து படித்தார் என்பதைச் சொல்கிறேன். திருக்குறளில் பத்து அதிகாரம் படித்திராத வாலிபன், பிறர் சாமியை இழித்துப் பேசி ஒலிபெருக்கியில் கத்துவது சுவிசேஷம் ஆகாது. அரிசி மூட்டையைக் காட்டி, வியாதிக்காரரின் பயத்தைப் பிடித்துக்கொண்டு புத்தகத்தை நீட்டுவதும் ஊழியம் ஆகாது. புத்தகத்துக்கே அது அவமானம்.

உங்களிடம் கேட்பது இதுதான். இந்த ஆண்டு வாக்குத்தத்த அட்டைக்குச் செலவழிக்கும் பணத்தை நிறுத்துங்கள். அதற்குப் பதிலாக ஒவ்வொரு சபையிலும் வாரம் ஒரு மாலை உட்கார்ந்து ஆமோஸையும் யாக்கோபையும் முதல் வசனம் முதல் கடைசி வசனம் வரை சத்தமாக வாசியுங்கள். வாசிக்கத் தெரியாத தாய்மாருக்கு எழுத்துச் சொல்லிக் கொடுங்கள். அந்த நாளில் வேதாகமப் பெண்கள் வீடு வீடாகப் போய்ச் செய்த வேலை அது. வருகிற சபைக் கமிட்டிக் கூட்டத்தில், கல்லறைத் தோட்டத்தில் சாதிக்கு ஒரு பக்கம் இருந்தால் அதை ஒழிக்கத் தீர்மானம் கொண்டுவாருங்கள். எதிர்ப்பவர் யாக்கோபின் இரண்டாம் அதிகாரத்தை எழுந்து நின்று வாசித்துவிட்டு எதிர்க்கட்டும். அந்தத் தீர்மானம் நிறைவேறிய பிறகு அடுத்த கைப்பிரதிக்குப் பணம் ஒதுக்குங்கள். அப்போது ராஜநாயக்கன் உபதேசியாரின் பெயரையும் அதில் அச்சடியுங்கள்.