ரயிலில் பாடிய பிள்ளை, லட்சம் கேட்ட பாடகி
(பத்து பாகாட்டில் ஆற்றிய உரை)



வக்கீல் வந்தால் சட்டம்தான் பேசுவார் என்று நினைப்பீர்கள். இன்று உங்கள் பாட்டிமார் கேட்டு உருகிய ஒரு குரலைப் பற்றிப் பேசுகிறேன்.

கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள். 1908-இல் ஏழை வீட்டில் பிறந்து, ரயிலில் பாடிக் காசு வாங்கிய பிள்ளை. அந்தக் குரலே அவரை நாடக மேடைக்குக் கொண்டு போனது. 1927-இல் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பாவை மணந்தார். 1933-இல் கிட்டப்பா இறந்தார். 25 வயதில் வெள்ளைச் சேலை கட்டியவர், 1980-இல் சாகும்வரை மாற்றவில்லை.

'பக்த நந்தனார்' படத்துக்கு அழைத்தபோது அவருக்கு விருப்பமில்லை. வந்தவர் போய்விடட்டும் என்று ஒரு லட்சம் ரூபாய் கேட்டார். கொடுத்தார்கள்! கோயிலுக்குள் விடப்படாத பண்ணைக் கூலியான நந்தனாராக அவரே நடித்தார். 1935-இல் படம் வந்தது. பிறகு 1953-இல் 'ஔவையார்'. சட்ட மேலவையிலும் உறுப்பினரானார்.

அமெரிக்காவில் துணி துவைத்துப் பிழைத்த மகேலியா ஜாக்சனும் தேவாலயப் பாட்டால் உயர்ந்தவர்தான். 1963 வாஷிங்டன் பேரணியில், மார்ட்டின் லூதர் கிங் பேசிய அதே மேடையில் பாடினார்.

பெற்றோர்களே, இங்கேதான் சட்டம் வருகிறது. உங்கள் பிள்ளையைப் பாடக் கூப்பிட்டால், சம்பளம் எவ்வளவு என்று கூச்சப்படாமல் கேளுங்கள். எழுத்தில் வாங்குங்கள். படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஏழை வீட்டுத் திறமை இலவசம் என்று நினைப்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. ரயிலில் கை நீட்டிய பிள்ளைதான் பின்னாளில் தன் விலையைத் தானே சொன்னது.