முட்டி வலிக்கு ஹெம்ப் எண்ணெய்: பாட்டிலுக்குள்ள என்ன இருக்கு?

கஞ்சா செடியிலிருந்து எடுத்த எண்ணெய் மூட்டு வலி, தசை வலிக்கு உண்மையிலேயே வேலை செய்யுமா? ஜிம்ல தோள்பட்டையைப் பிடிச்சுக்கிட்ட நண்பர்கள் இதைக் கேட்டுக்கிட்டே இருக்காங்க. ஆனா என்னைத் தேட வச்சது அவங்க இல்ல, உத்திரமேரூர் பக்கம் ஒரு கிராமத்துல இருக்கற எங்க பெரியம்மா.

முப்பது வருஷமா நடவு, களையெடுப்புன்னு சேத்துல குனிஞ்சே வேலை செஞ்சவங்க. இப்ப தரையில உட்கார்ந்தா எழுந்திருக்க சுவரைப் பிடிக்கணும். அவங்க போன்ல ஒரு விளம்பரம்: பச்சை இலைப் படம், "நூறு சதவீதம் இயற்கை", மூட்டு வலி போயே போச்சு. ஒரு சின்ன பாட்டில் விலை அவங்களோட ஒரு வாரக் கூலி. "ஏம்பா, நீ கம்ப்யூட்டர்லதானே இருக்க, நல்லதா கெட்டதான்னு பார்த்துச் சொல்லு"ன்னாங்க. கோடு எழுதறவனுக்கு மருந்து தெரியும்னு ஊர்ல ஒரு நம்பிக்கை. சரி, லேபிள் படிக்கவாவது தெரியுமே.

லேபிள்ல இருந்தது ஹெம்ப் விதை எண்ணெய். இங்கதான் விஷயமே. கஞ்சா செடில வலியோட சம்பந்தப்படுத்திப் பேசப்படற பொருட்கள் ரெண்டு: போதை தரும் டிஎச்சி, போதை தராத சிபிடி. ரெண்டும் முக்கியமா பூவிலும் அதைச் சுத்தி இருக்கற பிசினிலும்தான் இருக்கும். விதைக்குள்ள கிட்டத்தட்ட கிடையாது. விதை எண்ணெய் நல்ல கொழுப்பு உள்ள சமையல் எண்ணெய், அவ்வளவுதான். நல்லெண்ணெய்க்குத் தூரத்துச் சொந்தம்னு வச்சுக்கோங்க.

ஒரு சின்ன கணக்கு போடலாம். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021 நவம்பர்ல ஹெம்ப் விதையையும் அதோட எண்ணெயையும் உணவா அனுமதிச்சப்போ, ஒரு கிலோவுக்கு 75 மில்லிகிராமுக்கு மேல சிபிடி இருக்கக் கூடாதுன்னு வரம்பு வச்சாங்க. அந்த உச்ச வரம்பு வரைக்கும் இருக்குன்னே வச்சுக்குவோம். 30 மில்லி பாட்டில்ல வர்றது சுமார் 2 மில்லிகிராம். வியன்னாவில முழங்கால் தேய்மானம் உள்ள 86 பேரை வச்சு ஒரு ஆய்வு நடந்துச்சு, 2023-ல வெளியாச்சு. அதுல சிபிடி எடுத்தவங்களுக்கு ஒரு நாளைக்குக் கொடுத்தது 600 மில்லிகிராம். அதாவது தினமும் கிட்டத்தட்ட 300 பாட்டில்.

இன்னும் சுவாரசியம் என்னன்னா, அந்த 600 மில்லிகிராமும் உதவல. எல்லாருக்கும் பாராசிட்டமால் கொடுத்து, பாதிப் பேருக்கு கூடவே சிபிடி, மீதிப் பேருக்கு வெறும் டம்மி மாத்திரை. எட்டு வாரம் கழிச்சு வலி குறைஞ்சதுல ரெண்டு குழுவுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்ல. சிபிடி எடுத்தவங்கள்ல கல்லீரல் பாதிப்புக்கான அறிகுறிதான் அதிகமா தெரிஞ்சது. அதுக்கு முன்னாடி டென்மார்க்ல கைமூட்டு வலிக்காரங்க 136 பேர்கிட்ட 20, 30 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தாங்க. அங்கேயும் இதே கதைதான். சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2021-லயே, வலிக்கு இவற்றைப் பொதுவா பரிந்துரைக்கற அளவுக்கு ஆதாரம் இல்லன்னு சொல்லிடுச்சு.

அப்புறம் ஏன் இந்த நம்பிக்கை? வெறும் மார்க்கெட்டிங்னு தள்ளிட முடியாது. 1839-ல கல்கத்தாவுல வில்லியம் ஓஷாக்னசிங்கற அயர்லாந்து டாக்டர், வாத வலிக்காரங்களுக்கு கஞ்சா பிசின் கொடுத்துப் பார்த்து எழுதி வச்சார். ஒரு நோயாளியோட கையைத் தூக்கி வச்சா அப்படியே நின்னுடுச்சாம். (இதே ஆள்தான் பின்னாடி இந்தியாவுக்குத் தந்தி லைன் போட்டவர். நம்ம துறையோட கொள்ளுத் தாத்தா.) நம்ம உடம்பே இந்த மாதிரி ஒரு வேதிப்பொருளைச் சுரக்குதுன்னு 1992-ல கண்டுபிடிச்சு, "ஆனந்தம்"ங்கற சொல்லிலிருந்து ஆனந்தமைடுன்னு பேர் வச்சாங்க. எலிகளுக்கு மூட்டுவீக்கம் உண்டாக்கி சிபிடி ஜெல் தடவினப்போ வீக்கம் குறைஞ்சது, அதுவும் உண்மை. ஆனா எலியோட தோல் வேற, நம்ம முட்டியோட ஆழம் வேற.

விதை எண்ணெய் இல்லாம இன்னொரு வகையும் ஆன்லைன்ல கிடைக்குது: "விஜயா"ங்கற பேர்ல வர்ற இலைச் சாறு, ஆயுர்வேத உரிமத்தோட. இதுல டிஎச்சி நிஜமாவே இருக்கலாம். என்டிபிஎஸ் சட்டம் 1985-ல கஞ்சான்னா பூக்கும், காய்க்கும் நுனிகள். தனியா இருக்கற இலையும் விதையும் அந்த வரையறைக்கு வெளியே. அந்த இடைவெளியிலதான் இந்த மருந்துகள் நிக்குது. ஆனா மருந்துச் சட்ட விதிகள்ல இந்தச் செடி, விதை தவிர, நச்சுப் பொருள் பட்டியல்ல இருக்கு. உள்ளுக்குச் சாப்பிடற மருந்துன்னா மருத்துவர் மேற்பார்வையில எடுக்கணும்னு லேபிள்ல எச்சரிக்கை போட்டே ஆகணும். எந்த மொழியில? ஆங்கிலத்திலும் இந்தியிலும். பெரியம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும். எனக்கு இதுல ரொம்பக் கோபம். விளம்பரம் மட்டும் அழகான தமிழ்ல வருது.

ஆன்சைட் போன நண்பன் அமெரிக்காவிலிருந்து சிபிடி மிட்டாய் கொண்டு வர்றேன்னு சொன்னா, வேண்டாம்னு சொல்லுங்க. அங்க 0.3 சதவீதத்துக்குக் கீழ டிஎச்சி இருந்தா அது ஹெம்ப். நம்ம சட்டம் சதவீதம் பார்க்கறதில்ல, செடியோட எந்தப் பாகம்னு பார்க்குது. லேபிளையும் நம்ப முடியாது. 2017-ல அங்க ஆன்லைன்ல வாங்கின 84 சிபிடி பொருட்களைச் சோதிச்சப்போ 18-ல டிஎச்சி இருந்துச்சு.

பெரியம்மாகிட்ட நான் சொன்னது போரடிக்கற பதில்தான். முழங்கால் தேய்மானத்துக்கு நல்ல ஆதாரம் இருக்கறது தொடைத் தசையைப் பலப்படுத்தற பயிற்சிக்கு. நாற்காலியில உட்கார்ந்து காலை நேரா நீட்டி, கொஞ்ச நேரம் பிடிச்சு, இறக்கறது. தினமும். தடவிக்க டைக்ளோஃபினாக் ஜெல், டாக்டர்கிட்ட கேட்டுட்டு. ஜெனரிக்ல வாங்கினா அந்த எண்ணெய் விலைல ஒரு சின்னப் பங்குதான் ஆகும். "எண்ணெய் தேய்ச்சா சுகமா இருக்குதே"ன்னாங்க. இருக்கும், தேய்ச்சு விடறதே சுகம்தான். அதுக்கு வீட்டு நல்லெண்ணெய் போதும்.

ஊர்ல அப்பா, அம்மா, பெரியம்மா யாருக்காவது முட்டி வலின்னா, முதல்ல அரசு மருத்துவமனைல இயன்முறை சிகிச்சை பத்தி விசாரிங்க. வெளிய வரவே முடியாதவங்களுக்கு 2021-ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல இயன்முறை சிகிச்சையாளர் வீட்டுக்கே வர்ற ஏற்பாடு உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்துல கேட்டா சொல்வாங்க. முட்டி சிவந்து, சூடா வீங்கி, காய்ச்சலும் இருந்தா அன்னைக்கே டாக்டரைப் பாருங்க. அப்புறம், வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாம இருக்க மாத்திரையோ வலிப்பு மாத்திரையோ எடுக்கறவங்க வீட்ல விஜயா சொட்டு மருந்து ஏற்கனவே வாங்கி வச்சிருந்தா, சாப்பிடறதுக்கு முன்னாடி அந்த பாட்டிலையும் டாக்டர்கிட்ட எடுத்துட்டுப் போங்க. சிபிடி அந்த மாத்திரைகளோட அளவை ரத்தத்துல ஏத்திவிடும்.