நோயாளருக்கு முன்னே அவருடைய குறிப்பு வந்து சேரவேண்டும்

(வடமாகாணத்திற் கமக்காரரும் தொழின்மையாளரும் கூடிய கூட்டமொன்றிற் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



வைத்தியத்தைப் பற்றிப் பேசச் சட்டத்தரணிக்கு என்ன தகுதி என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். மருந்தைப் பற்றி நான் பேச வரவில்லை. மருந்து கொடுக்குமுன் வைத்தியர் அறிந்திருக்க வேண்டிய செய்தி அவர் கைக்கு உரிய நேரத்தில் வருவதற்கு என்ன ஏற்பாடு வேண்டும் என்பதையே பேச வந்தேன். அது நிருவாகத்தைப் பற்றிய வினா. ஆகவே அரசியலைப் பற்றிய வினாவுமாகும்.

இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்யும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். இதயத் துடிப்பின் சீர்கேட்டுக்காக அவர் யாழ்ப்பாணத்துக் கிளினிக்கில் ‘வார்பரின்’ என்னும் மருந்தைப் பெற்று உண்டு வருகிறார். அது குருதி உறைவதைத் தடுப்பது. ஒருநாள் உழவியந்திரத்திலிருந்து விழுந்து, தலையில் அடிபட்டு, நினைவிழந்த நிலையிற் கிளிநொச்சிக்குக் கொண்டுவரப்படுகிறார். கிளினிக் கொப்பியோ வீட்டில் இருக்கிறது. வார்பரின் உண்பவரின் மூளைக்குள் கசியும் குருதி எளிதில் நிற்காது. மாற்று மருந்து விரைந்து கொடுக்கப்பட வேண்டும். குருதிப் பரிசோதனை உண்மையைச் சொல்லும். ஆனால் அதற்கும் நேரம் வேண்டும்; அந்த நேரமே அவருக்கு இல்லை. யாழ்ப்பாணத்தில் உள்ள ஒரு வரிச் செய்தி 65 கிலோமீற்றர் கடந்து வருமானால் ஓர் உயிர் பிழைக்கக்கூடும்.

செய்தி செல்லும் வழி

இது நடைபெற நான்கு காரியங்கள் வேண்டும். முதலாவது, ஆளை அறிதல். ஒரே பெயருடையோர் பலர் வாழும் நாட்டிற் பெயரை மட்டும் நம்பி மருந்து கொடுக்க முடியாது. இதற்காகவே அரச வைத்தியசாலைகள் பலவற்றில் தனியாள் சுகாதார இலக்கம் வழங்கப்பட்டு வருகிறது. இரண்டாவது, அவருடைய குறிப்பு எங்கே இருக்கிறது என்பதைக் காட்டும் பொதுவான அட்டவணை.

மூன்றாவது, இரு கணினிகளும் ஒன்றையொன்று விளங்கிக்கொள்ளுதல். ஒன்று அனுப்புவதை மற்றது வாசிக்க முடியாவிடிற் கம்பி இணைப்பினாற் பயன் யாது? இதற்கான பொது விதிகளை வகுக்க 1987 ஆம் ஆண்டு அமெரிக்காவில் ‘எச். எல். செவன்’ என்னும் அமைப்பு தோன்றியது. அவ்வமைப்பு பின்னர் வகுத்த ‘எவ். எச். ஐ. ஆர்.’ என்னும் விதிமுறை இன்று பல நாடுகளிற் கையாளப்படுகிறது. நான்காவது, யார் திறக்கலாம் என்ற அனுமதியும், யார் திறந்தார் என்ற பதிவும்.

அவசர வேளையில் ஒருவருடைய வாழ்நாள் வரலாறு முழுவதும் தேவைப்படுவதில்லை. ஸ்கொட்லாந்திலே குடும்ப வைத்தியர்களின் பதிவுகளிலிருந்து, நோயாளர் உண்ணும் மருந்துகளும் ஒவ்வாத மருந்துகளும் அடங்கிய சிறு சுருக்கம் எடுக்கப்பட்டு, அவசர சிகிச்சை செய்வோருக்குக் கிடைக்கிறது. நாமும் அத்தகைய சிறு சுருக்கத்திலிருந்தே தொடங்கலாம்.

மொழியும் அதிகாரமும்

இக்கணினி முறையில் நமக்குப் பெரிதும் பயன்படக்கூடிய ஓர் உண்மை உண்டு. நோயும் மருந்தும் அதிற் குறியீட்டெண்களாகப் பதியப்படுகின்றன. எண்ணுக்குத் தாய்மொழி இல்லை. பெனிசிலின் ஒவ்வாது என்ற அதே குறியீட்டை வைத்தியரின் திரையில் ஆங்கிலத்திலும், நோயாளர் கையிற் கொடுக்கும் தாளிலே தமிழிலும் காட்ட முடியும். 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆங்கிலத்தில் எழுதிய நோய் நிர்ணய அட்டையை விளங்காமலே மடித்து வைத்திருக்கும் கமக்காரருக்கு அந்தத் திருத்தத்தினால் விளைந்தது என்ன? தன் உடலைப் பற்றிய செய்தியைத் தன் மொழியில் வாசிக்கும் உரிமையை இம்முறை தொடங்கும்போதே எழுதிப் பெற வேண்டும்.

அடுத்தது அதிகாரம். அதே திருத்தத்தின்படி அரச வைத்தியசாலைகள் மாகாணத்தின் பொறுப்பு. போதனா வைத்தியசாலைகளும் சிறப்பு நோக்கத்துக்கு நிறுவியவையும் மத்தியின் பொறுப்பு. ஆதார வைத்தியசாலையிலிருந்து போதனா வைத்தியசாலைக்கு மாற்றப்படும் நோயாளர் ஓர் ஆட்சியிலிருந்து மற்றோர் ஆட்சிக்குச் செல்கிறார். குறிப்பும் அந்த எல்லையைத் தடையின்றிக் கடக்க வேண்டும். இதனை மாகாணத்தின் சார்பிற் பேச வேண்டிய சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன் பின் பல ஆண்டுகள் தேர்தல் நடத்தப்படவில்லை. நமக்காகப் பேச வேண்டிய ஆசனம் வெறுமையாக இருக்கும்போது ஏற்பாடுகளைப் பிறரே வகுப்பர்.

அச்சத்திற்கு விடை

‘பதிவு’ என்ற சொல்லைக் கேட்டாலே நம்மவர் அஞ்சுவர். அந்த அச்சம் காரணமற்றதன்று. விபரம் திரட்டப்பட்ட பின் அது எவர் கைக்குப் போகும் என்ற கவலையை நம் குடும்பங்கள் நெடுங்காலம் அனுபவித்தன. அதற்கு விடை பதிவை மறுப்பதன்று. பதிவைத் திறப்பவரைப் பதிவு செய்வதே. எஸ்தோனியா நாட்டில் 2008 ஆம் ஆண்டின் இறுதியில் நாடளாவிய சுகாதாரத் தகவல் முறை தொடங்கிற்று. தம் குறிப்பை யார் பார்த்தார் என்பதை அந்நாட்டு மக்கள் தாமே பார்க்கலாம்.

நம் நாட்டிலும் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. சுகாதார விபரங்களுக்கு அது சிறப்பான காப்பளிக்கிறது. உயிருக்கு ஆபத்து நேரும் வேளைக்கும் இடமளிக்கிறது. ஆனால் ஏட்டில் உள்ள சட்டம் வைத்தியசாலை வாசலுக்கு வந்தாற்றான் சட்டம். நினைவிழந்தவரின் குறிப்பைச் சம்மதமின்றித் திறக்கும் வைத்தியர் காரணத்தை எழுத வேண்டும். நோயாளர் தேறியபின் அதனை அவருக்கு அறிவிக்கவும் வேண்டும். சிகிச்சைக்காகத் திறந்த கதவு வழியே வேறெவரும் நுழையலாகாது.

கணினியையே முற்றாக நம்பியிருப்பதும் தவறு. 2017 மே மாதத்தில் ‘வன்னாகிரை’ என்னும் கணினித் தாக்குதலால் இங்கிலாந்திற் சில வைத்தியசாலைகள் அவசர நோயாளரை வேறிடங்களுக்கு அனுப்ப நேர்ந்தது. ஆகவே கொப்பியைக் கைவிடாதீர்கள். உண்ணும் மருந்துகளையும் ஒவ்வாத மருந்துகளையும் ஒரு சிறு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். கிளினிக் கொப்பியைக் கைத்தொலைபேசியிற் படமெடுத்து வையுங்கள். இதற்கு எந்த அரசின் அனுமதியும் வேண்டியதில்லை.

நம் கோரிக்கைகள் மூன்று. மாகாண எல்லையையும் மத்தியின் எல்லையையும் கடந்து செல்லும் அவசரச் சுருக்கம் வேண்டும். நோயாளர் கைக்கு அது தமிழில் வரவேண்டும். திறந்தவர் யார் என்பதை அறியும் உரிமை நோயாளருக்கு வேண்டும். 1990 அம்புலன்ஸ் சேவை 2018 இல் வடக்கிற்கு வந்தது. வண்டி நோயாளரை ஏற்றி வருகிறது. அவர் வாசலை அடையுமுன் அவருடைய குறிப்பும் வந்து சேரட்டும். இங்குள்ள வைத்தியர்களும் கணினி வல்லுநரும் இதற்கான திட்டத்தை வரையுங்கள். சட்ட வாசகத்தை நாங்கள் வரைகின்றோம். கமக்காரர் அமைப்புகள் ஊர்தோறும் கையொப்பம் திரட்டட்டும். கேட்பது சலுகையன்று என்பதை அறிந்து கேட்போமாக!