கால் வழியே இதயத்துக்கு



தேவிகுளம் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே ஒரு லயம். அந்த லயத்தில் 75 வயதுப் பாட்டி ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முப்பது வருடம் கொழுந்து எடுத்தவர். மேடும் பள்ளமும் அவருக்குப் பழக்கம். ஆனால் இப்போது பத்துப் படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. நெஞ்சு அடைக்கிறது. ஒரு நாள் தண்ணீர்க் குடத்தோடு மயங்கி விழுந்துவிட்டார். "வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்" என்றார்கள் வீட்டில் உள்ளவர்கள்.

அது வயது மட்டும் அல்ல. டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார். இதயத்தில் ஒரு இரைச்சல் கேட்டது. எக்கோ பரிசோதனை செய்தார்கள். இதயத்தின் வால்வு ஒன்று சுருங்கியிருந்தது.

வால்வு என்றால் என்ன? இதயம் ஒரு பம்பு. அதில் நான்கு வால்வுகள் உண்டு. அவை ஒரு பக்கம் மட்டுமே திறக்கும் கதவுகள். இதயத்திலிருந்து உடம்பு முழுவதற்கும் ரத்தம் போகும் வாசலில் ஒரு கதவு இருக்கிறது. வயதான காலத்தில் அதில் சுண்ணாம்பு படிகிறது. துருப்பிடித்த கேட்டைப் போல அது முழுதாகத் திறக்காது. பம்பு எவ்வளவு அடித்தாலும் தண்ணீர் போதாது. அதனால்தான் மூச்சு வாங்குகிறது, மயக்கம் வருகிறது. மாத்திரையால் இந்தக் கதவு திறக்காது. கதவையே மாற்ற வேண்டும்.

முன்பெல்லாம் நெஞ்சைத் திறந்துதான் வால்வை மாற்றினார்கள். இதில் கேரளத்துக்கு ஒரு பெருமை உண்டு. திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம் இருக்கிறது. அங்கே டாக்டர் வலியத்தான் தலைமையில் நம் நாட்டிலேயே செயற்கை வால்வு செய்தார்கள். முதல் மூன்று மாதிரிகள் தோற்றுப் போயின. நான்காவது வென்றது. 1990 டிசம்பர் 6 அன்று அது முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. பிறகு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் பொருத்தினார்கள்.

ஆனால் அதற்கும் நெஞ்சைத் திறக்கத்தான் வேண்டும். தளர்ந்து போன முதியவர்கள் எல்லாரும் அதைத் தாங்குவார்களா? இங்கேதான் புதிய முறை வந்தது. அதற்கு டாவி என்று பெயர். தொடை இடுக்கில் ஒரு ரத்தக்குழாய் ஓடுகிறது. அதில் சிறு துளை போடுவார்கள். மடக்கிய வால்வை ஒரு நீண்ட குழாயில் வைத்து, அந்தத் துளை வழியே இதயம் வரை கொண்டுபோவார்கள். அங்கே அது குடை போல விரியும். பழைய கதவை ஓரமாகத் தள்ளிவிட்டு, புதிய கதவு வேலை செய்யத் தொடங்கும்.

2002 ஏப்ரல் 16 அன்று, பிரான்சு நாட்டில் ரூவான் என்ற ஊரில் இதை முதலில் செய்தவர் டாக்டர் அலேன் க்ரிபியே. நோயாளிக்கு வயது 57. அவர் சாகும் நிலையில் இருந்தார். அவருடைய கால்களுக்குப் போகும் ரத்தக்குழாய்கள் முன்பே அடைபட்டிருந்தன. அதனால் டாக்டர் வேறு ரத்தக்குழாய் வழியாகச் சுற்றிப் போய் வால்வைப் பொருத்தினார். வால்வு நன்றாக வேலை செய்தது. நான்கு மாதம் கழித்துப் பார்த்தபோதும் நன்றாகவே இருந்தது. ஆனால் கால் மோசமாகிக்கொண்டே போனது. காலை வெட்டி எடுக்க வேண்டி வந்தது. புண் ஆறவில்லை. 17 வாரத்தில் அவர் இறந்துபோனார். வால்வு கைவிடவில்லை, கால்தான் கைவிட்டது.

இந்த வைத்தியத்தில் இதயத்தைப் பற்றித்தான் எல்லாரும் கேட்கிறார்கள். ரத்தக்குழாயைப் பற்றிக் கேட்பவர் குறைவு. ஆனால் இந்தச் சிகிச்சையில் ரத்தக்குழாய்க்கு வரும் ஆபத்து சின்ன ஆபத்து அல்ல.

ஏன் அப்படி? ஆரம்ப காலத்துக் குழாய்கள் 7, 8 மில்லிமீட்டர் கனம் இருந்தன. அது ஒரு பென்சிலின் கனம். தொடை இடுக்கு ரத்தக்குழாயின் உள் அளவும் ஏறக்குறைய அவ்வளவுதான். பெண்களுக்கு இன்னும் சிறியது. அதிலும் சுண்ணாம்பு படிந்து வளைந்திருந்தால்? குழாய் போகும்போது உட்சுவர் கிழியலாம். வெளியே எடுக்கும்போது ரத்தம் கொட்டலாம். இப்போது குழாய்கள் 5, 6 மில்லிமீட்டருக்கு மெலிந்துவிட்டன. 2010, 2011 ஆண்டுகளில் வெளியான அமெரிக்க ஆய்வுகளில், 100 பேருக்குச் செய்தால் 11 முதல் 16 பேருக்கு ரத்தக்குழாயில் பெரிய சிக்கல் வந்தது. 2019இல் வெளியான ஆய்வில் அது 2 பேராகக் குறைந்தது. அந்த 2019 ஆய்வில் இருந்தவர்கள் ஓரளவு திடமானவர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். சர்க்கரை நோயும் சிறுநீரகக் கோளாறும் உள்ளவருக்கு, பல வருடம் பீடி குடித்தவருக்கு ஆபத்து அதிகம்.

டாக்டர்கள் என்ன செய்கிறார்கள்? முதலில் சி.டி. ஸ்கேன் எடுத்து ரத்தக்குழாயின் அகலம், வளைவு, சுண்ணாம்பு எல்லாம் பார்க்கிறார்கள். கால் வழி ஒத்துவராது என்றால் வேறு வழி தேடுவார்கள். துளை போடும் இடமும் முக்கியம். அடியில் எலும்பு இருக்கும் இடமாகப் பார்த்துப் போடுவார்கள். அப்போதுதான் பிறகு அழுத்திப் பிடித்து ரத்தத்தை நிறுத்த முடியும். கொஞ்சம் மேலே போய்விட்டால் அழுத்த முடியாது. ரத்தம் வயிற்றின் பின்பக்கம் போய்த் தேங்கும்.

பெரிய குழாயை நுழைப்பதற்கு முன்பே தையல் நூலைப் போட்டு வைப்பார்கள். வேலை முடிந்ததும் இழுத்து முடிச்சுப் போட்டால் துளை மூடிக்கொள்ளும். சாக்கு மூட்டைக்கு முதலிலேயே சுருக்குக் கயிறு போட்டு வைப்பது போல. ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மருந்தின் வேகத்தைக் குறைக்க இன்னொரு ஊசி உண்டு. அந்த மருந்து சால்மன் என்ற மீனிலிருந்து எடுக்கப்படுவது! மீன் சாப்பிட்டால் உடம்பு தடிப்பவர்கள் இதை டாக்டரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

அப்படியும் ரத்தம் கசிந்தால்? உள்ளே ஒரு பலூனை ஊதி அடைப்பார்கள். உறை போட்ட ஸ்டென்ட்டை வைத்து ஓட்டையை மூடுவார்கள். அதுவும் போதாவிட்டால் அறுவை டாக்டர் திறந்து தைப்பார். அதனால், ரத்தக்குழாய் அறுவை செய்யும் டாக்டர் அங்கே இருக்கிறாரா என்று கேட்டுக்கொள்வது நல்லது. கேட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

இனி வீட்டுக்கு வந்த பிறகு.

மூணாறு, பீர்மேடு பக்கத்து மக்கள் கொச்சிக்கோ கோட்டயத்துக்கோ போகிறார்கள். சிலர் போடிமெட்டில் 17 கொண்டை ஊசி வளைவு இறங்கி, தேனி வழியே மதுரைக்குப் போகிறார்கள். பாலக்காட்டில் சித்தூர், கொழிஞ்சாம்பாறைக்காரர்களுக்குக் கோயம்புத்தூர் பக்கம். வைத்தியம் ஒரு மாநிலத்தில், வீடு இன்னொரு மாநிலத்தில். ஜீப்பில் குலுங்கி மலை ஏற வேண்டும். எத்தனை நாள் கழித்து ஏறலாம் என்று டாக்டரிடம் கேட்டுவிட்டே கிளம்ப வேண்டும். கீழே உறவினர் வீடு இருந்தால் சில நாள் தங்குவது நல்லது. வீட்டுக்கு வந்தாலும் டாக்டர் சொல்லும் நாள் வரை குத்த வைத்து உட்காரக் கூடாது. விறகுக் கட்டோ தண்ணீர்க் குடமோ தூக்கக் கூடாது.

துளை போட்ட இடத்தில் ரத்தம் வந்தால், உடனே மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். கால் நீட்டியபடி இருக்கட்டும். சுத்தமான துணியை வைத்து உள்ளங்கையால் பலமாக அழுத்த வேண்டும். குறைந்தது பத்து நிமிடம் கையை எடுக்கக் கூடாது. நின்றதா என்று நடுவில் தூக்கிப் பார்க்கவும் கூடாது. இன்னொருவர் 108க்குப் போன் செய்யட்டும். காப்பித்தூள், மஞ்சள், பச்சிலை எதுவும் வேண்டாம். கயிறு கட்டி இறுக்கவும் வேண்டாம்.

அந்த இடத்தில் துடிக்கிற கட்டி தெரிந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கால் சில்லிட்டு, வெளுத்து, மரத்து, வலித்தாலும் போக வேண்டும். மூணாறு குளிரில் எல்லார் காலும் சில்லென்றுதான் இருக்கும். ஆகவே இரண்டு பாதத்தையும் தொட்டுப் பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் சில்லிட்டிருந்தால் அங்கே ரத்தம் போகவில்லை.

எல்லாவற்றிலும் ஏமாற்றுவது ஒன்று உண்டு. வெளியே ஒரு சொட்டு ரத்தமும் இருக்காது. அடிவயிறோ இடுப்போ முதுகோ வலிக்கும். வியர்க்கும். முகம் வெளுக்கும். எழுந்தால் கண் இருட்டும். "வாயுதான், கஷாயம் குடி" என்பார்கள். பாட்டியும் அப்படியே நம்புவார். ஆனால் உள்ளே ரத்தம் தேங்கிக்கொண்டிருக்கலாம். இதற்கு விடியும் வரை காத்திருக்கக் கூடாது.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுத்திருப்பார்கள். பயந்துபோய் அதைத் தாமாக நிறுத்தவும் கூடாது. டாக்டரைக் கேட்டே செய்ய வேண்டும்.

அவசரத்தில் முதலில் போவது அடிமாலி தாலுக்கா மருத்துவமனையாக இருக்கலாம், சித்தூராக இருக்கலாம். அங்கே இருக்கும் டாக்டருக்குப் பாட்டியின் கதை தெரியாது. பாட்டி தமிழில் சொல்வார், நர்சம்மா மலையாளத்தில் கேட்பார். ஆஸ்பத்திரி கொடுத்த காகிதமோ ஆங்கிலத்தில் இருக்கும். அதனால் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி வைக்கலாம். என்ன வைத்தியம், எந்தத் தேதி, எந்தக் காலில் துளை, என்ன மாத்திரை, எந்த ஆஸ்பத்திரி, அதன் போன் நம்பர். பாட்டியின் பேத்தியே எழுதலாம். அறிவொளி வகுப்பில் படித்த மருமகளும் எழுதலாம். ஆஸ்பத்திரி காகிதத்தோடு அதையும் சேர்த்து, ரேஷன் கார்டு இருக்கும் தகரப் பெட்டியில் பூட்டாமல், கதவுப் பக்கத்து ஆணியில் பையோடு மாட்டி வைக்கலாம். ஜீப் வந்து நிற்கும்போது தேட நேரம் இருக்காது.