சலங்கைக் கம்புக்காரரை நினைப்போம்

(அக்டோபர் 10, தேசிய அஞ்சல் தினத்தையொட்டிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு சின்னக் கணக்கோடு ஆரம்பிக்கிறேன். திருச்சியிலிருந்து சென்னைக்கு ஏறக்குறைய 320 கிலோமீட்டர், பழைய கணக்கில் 200 மைல். ரயிலும் பேருந்தும் வராத காலத்தில் ஓர் அஞ்சல் ஓட்டக்காரர் தபால் பையைச் சுமந்துகொண்டு ஏழெட்டு மைல் ஓடுவார். அங்கே காத்திருக்கும் அடுத்தவரிடம் பையைக் கொடுப்பார். அப்படின்னா, திருச்சியில் போட்ட ஒரு கடிதம் சென்னை போய்ச் சேர எத்தனை பேர் ஓடியிருக்கணும்? குறைந்தது 25 பேர். அதில் ஒருத்தர் காய்ச்சலில் படுத்தாலும் கடிதம் நடுவழியில் நின்றுவிடும். அந்த 25 பேரில் ஒருத்தர் பெயராவது நமக்குத் தெரியுமா?

குதிரையில் தபால் கொண்டுபோன அமெரிக்க இளைஞர்களை உலகமே கொண்டாடுகிறது. 'போனி எக்ஸ்பிரஸ்' என்ற அந்த நிறுவனம் 1860 ஏப்ரலில் தொடங்கியது. சுமார் 1,900 மைல் தூரத்தைப் பத்தே நாளில் கடந்தார்கள். 1861 அக்டோபரில் தந்திக் கம்பி வந்ததும் அது முடிந்துபோனது. மொத்தம் 18 மாதங்கள்தான். அதற்கே சிலைகள், சினிமாக்கள்! நம்ம ஓட்டக்காரர்கள் ஓடியது எத்தனையோ தலைமுறை.

குதிரை இருக்கும்போது மனுஷன் எதுக்கு ஓடணும்னு கேட்பீங்க. 14-ஆம் நூற்றாண்டில் டெல்லி முதல் மதுரை வரை சுற்றிய பயணி இப்னு பதூதா இதற்குப் பதில் எழுதி வைத்திருக்கிறார். அன்று குதிரைத் தபாலும் இருந்தது, கால்நடைத் தபாலும் இருந்தது. ஓட்டக்காரர் ஒரு கையில் கடிதத்தையும் மறு கையில் செம்பு மணிகள் கட்டிய கம்பையும் பிடித்து ஓடுவார். மணிச் சத்தம் கேட்டதுமே அடுத்தவர் தயாராகிவிடுவார். இந்தக் கால்நடைத் தபால், குதிரைத் தபாலைவிட வேகமானது என்கிறார் அவர்.

நம்ம ஊரை நினைத்துப் பாருங்க. திருச்சியிலிருந்து வடக்கே போகணும்னா முதலில் காவிரி, பிறகு ஸ்ரீரங்கம், அதைத் தாண்டினால் கொள்ளிடம். கோடையில் சுடுமணலில் நடக்கலாம். ஆடியில் தண்ணீர் வந்துவிட்டால், பாலம் இல்லாத காலத்தில் பரிசலும் படகும்தான் துணை. தலைக்கு மேல் தபால் பை, நனையக் கூடாது. காட்டு வழியில் இரவுப் பயணம் என்றால் தீவட்டி பிடிக்க ஒருவர், பறையடிக்க ஒருவர். புலிக்கும் பயம், கொள்ளைக்காரருக்கும் பயம்.

சென்னையில் பொது அஞ்சலகம் 1786-இல் ஆரம்பமானது. அதன்பிறகும் நெடுங்காலம் தூரம் கூடக்கூடக் கட்டணமும் கூடியது. 1854 அக்டோபரில்தான் அந்த நிலை மாறியது. கால் தோலா எடைக்குள் இருக்கும் கடிதத்துக்கு, எவ்வளவு தூரமானாலும் அரையணா. பக்கத்து ஊருக்கும் அதே விலை, இமயமலை அடிவாரத்துக்கும் அதே விலை. தொலைவில் இருப்பவர் என்பதற்காக யாரும் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம் என்ற பெரிய சமத்துவம் அது. அதைத் தாங்கியவை ஓட்டக்காரர்களின் கால்கள்.

1862-இல் நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்கு ரயில் வந்தது. பை ரயிலேறியது. ஆனாலும் ரயில் நிற்காத ஊர்கள்தானே அதிகம்? அங்கெல்லாம் ஓட்டக்காரர் தொடர்ந்தார். இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அன்றிருந்த திருவிதாங்கூரில், சலங்கைக் கம்போடு ஓடிய அஞ்சல்காரர்கள் சமஸ்தானத்தின் சொந்த அஞ்சல் துறையில் வேலை பார்த்தார்கள். அந்தத் துறை 1951-இல் இந்திய அஞ்சல் துறையோடு இணைந்தது. இன்று 'அஞ்சல்' என்று நாம் சொல்லும்போதெல்லாம் அவர்களும் அதில் இருக்கிறார்கள்.

இப்போது 1972 ஆகஸ்ட் 15 முதல் ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண் இருக்கிறது. திருச்சி தலைமை அஞ்சலகத்துக்கு 620001, ஸ்ரீரங்கத்துக்கு 620006. பிரிக்க இயந்திரம், தேட செயலி எல்லாம் வந்தாச்சு. ஆனால் கடைசி நூறு அடி? அதை இன்றும் ஒரு மனுஷர்தான் நடக்கிறார்.

எங்க பாட்டி திருவானைக்காவலில் இருக்காங்க. தாத்தாவின் குடும்ப ஓய்வூதியம்தான் அவங்க வருமானம். ஒவ்வொரு வருஷமும் 'உயிரோடுதான் இருக்கேன்'னு நிரூபிக்கணும். முட்டி வலியால் படியேற முடியாது. நேர்காணலுக்குப் போகாவிட்டால் பணம் நின்றுவிடுமோ என்று தூக்கமே வராது. போன வருஷம் தபால்காரரே வீட்டுக்கு வந்தார். வயசானதில் விரல் ரேகை தேய்ந்துபோய், கருவி ஏற்கவில்லை. "பரவாயில்ல பாட்டி, நாளைக்கு வர்றேன்"னு சொல்லிட்டுப் போனார். சொன்னபடி வந்தார். இந்த முறை முகத்தைக் காட்டி முடித்தாங்க. அன்று பாட்டி வைத்த மோரைக் குடித்துவிட்டு சைக்கிளில் ஏறினார். மணி அடித்தது. எனக்குச் சலங்கைக் கம்பு ஞாபகம் வந்தது.

உங்கள் வீட்டிலும் ஓய்வூதியர் இருந்தால் இதைச் சொல்லுங்கள். மின்னணு உயிர்வாழ் சான்றிதழுக்குத் தபால்காரர் வீட்டுக்கே வருவார். கட்டணம் 70 ரூபாய். ஆதார் எண், ஓய்வூதியக் கொடுவை எண், வங்கிக் கணக்கு விவரம், கைபேசி ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள். மத்திய அரசு ஓய்வூதியர்கள் மட்டுமல்ல, தமிழ்நாடு அரசு ஓய்வூதியர்களும் குடும்ப ஓய்வூதியர்களும் பயன்பெறலாம். பக்கத்து அஞ்சலகத்திலோ, உங்கள் தெருவுக்கு வரும் தபால்காரரிடமோ கேட்டாலே போதும்.

அரசாணை எழுதுவதோடு ஒரு சேவை முடிவதில்லை. உரியவர் கையில் சேரும்போதுதான் முடிகிறது. அந்த 25 ஓட்டக்காரர்களுக்கு நாம் இனி பெயர் தேட முடியாது. ஆனால் நம்ம தெருவுக்கு வருகிற தபால்காரர் பெயர் என்ன? இன்றைக்கே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு டம்ளர் தண்ணீரும் கொடுங்கள்.