முதல்ல ஒருத்தர் சேரணும்

ரசிகர் கூட்டம்னாலே நமக்கு ட்ரெண்டிங்தான் ஞாபகம் வரும். மாஸ்டடான், லெம்மியில அந்தக் கணக்கு எடுபடாது. ஒரே கம்பெனி கையில இல்லாம, ஆளாளுக்கு ஒரு சர்வர் நடத்தி, அதெல்லாம் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிற இடங்கள் இது.

2023 ஜூன்ல, ஏபிஐ கட்டணத்தை எதிர்த்து ரெடிட்ல பெரிய போராட்டம் நடந்துச்சே, அப்போ ஸ்டார் ட்ரெக் ரசிகர்கள் லெம்மியில சொந்தமா ஒரு சர்வரே ஆரம்பிச்சாங்க. சரி, வீடு கட்டியாச்சு. வழி யாருக்குத் தெரியும்?

நீங்க வேற சர்வர்ல இருக்கீங்க. அங்க யாருமே இன்னும் அந்தக் குழுவுல சேரலைன்னா, பேரைத் தேடினாலும் ஒண்ணும் வராது. யாராவது ஒருத்தர் முழு முகவரியையும் தேடல் பெட்டியில போட்டுச் சேரணும். அதுக்கப்புறம்தான் புதுப் பதிவுகள் அந்த சர்வருக்கு வரும், மத்தவங்க கண்ணுலயும் படும். அதனால ஒரே சர்வர்ல 100 பேரைச் சேர்க்கிறதைவிட, 100 சர்வர்ல ஒவ்வொருத்தரைப் பிடிக்கிறது மேல்னு நான் சொல்வேன். கல்யாணப் பத்திரிகை வைக்கிற மாதிரி வீடு வீடாப் போற வேலைதான்.

மாஸ்டடான்ல இருந்தே குழு முகவரியை டேக் பண்ணி எழுதலாம். முதல் வரிதான் அங்க தலைப்பாகும். வெறும் ‘வணக்கம்’ போட்டுடாதீங்க!

ஒரு பயமும் இருக்கு. சர்வர் நடத்துறவர் ஒருநாள் மூடிட்டா, குழுவை அப்படியே வேற இடத்துக்கு மாத்த முடியாது. அதனால ஒரே தொடருக்கு ரெண்டு சர்வர்ல குழு இருந்தா, ஏன் பிரிஞ்சு கிடக்கீங்கன்னு நான் கேட்கமாட்டேன். ஒருத்தர் முகவரியை இன்னொருத்தர் குழு அறிமுகத்துல போட்டு வச்சுக்கோங்க, போதும்.