சண்முகானந்தா அரங்கில் ஒரு சென்னைக் குழு



ஹிப்பி காலத்து ராக் விழா என்றதும் எல்லோரும் சொல்லும் பெயர் வுட்ஸ்டாக். 1969 ஆகஸ்டில், நியூயார்க் மாநிலத்துப் பால்பண்ணை ஒன்றின் நிலத்தில் ஏறத்தாழ நான்கு லட்சம் பேர் திரண்டார்கள். முதல் நாள் இரவு, மழையில், நம் ரவிசங்கர் சிதார் வாசித்தார். அதற்குத் திரைப்படம் உண்டு, புத்தகங்கள் உண்டு. அதே காலத்தில் பம்பாயில் நடந்த 'சிம்லா பீட்' ராக் குழுக்கள் போட்டியை யார் நினைக்கிறார்கள்?

சிம்லா என்பது ஒரு சிகரெட். இம்பீரியல் டொபாக்கோ நிறுவனம் தன் சரக்கை இளைஞர்களிடம் கொண்டுசெல்ல நடத்திய விழா அது. அந்த நோக்கத்தில் பாராட்ட ஒன்றுமில்லை. ஆனால் கிடைத்த மேடையை இளைஞர்கள் தமதாக்கிக்கொண்டார்கள். ஷில்லாங்கிலிருந்து ஃபென்டோன்ஸ் வந்தார்கள். கல்கத்தாவிலிருந்து கிரேட் பேர், பெங்களூரிலிருந்து டைனோசர்ஸ். சென்னையிலிருந்து கன்ஃப்யூஷன்ஸ்!

போட்டி நடந்த இடம் எது தெரியுமா? சண்முகானந்தா அரங்கம். பம்பாயில் குடியேறிய தென்னிந்தியர்கள் கர்நாடக இசைக்காகக் கட்டி, 1963-இல் திறந்த அரங்கம். மிருதங்கமும் வீணையும் கேட்ட மேடையில் கிட்டார் அதிர்ந்தது.

வெளிநாட்டுக் கருவிகளுக்கு இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்த காலம். நல்ல கிட்டார் கையில் கிடைப்பதே பெரும்பாடு. அப்படியிருந்தும் 1970, 1971 என இரண்டு ஆண்டுகளின் குழுக்களும் இசைத்தட்டில் ஏறின. கன்ஃப்யூஷன்ஸின் பாட்டு முதல் தட்டில் இருக்கிறது. பிற்காலத்தில் வெளிநாட்டு இசைச் சேகரிப்பாளர்கள்தாம் இவற்றைத் தேடியெடுத்து மறுபதிப்புச் செய்தார்கள். நம் ஊர்ப் பிள்ளைகளின் இசையை அயலார் பாதுகாத்திருக்கிறார்கள் என்பது நமக்கு உறைக்க வேண்டும்.

"ஆங்கிலத்தில் பாடியவர்களுக்கும் நமக்கும் என்ன உறவு?" என்று இந்தக் கடலூர், சிதம்பரம் மண்ணில் கேள்வி எழுவது நியாயமே. 1941-இல் அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு கூட்டிய மண் அல்லவா! பதில், ரமேஷ் ஷோத்தமின் வாழ்க்கையில் இருக்கிறது. சென்னையில் பிறந்த அவர், சகோதரர் சுரேஷுடன் ஹ்யூமன் பாண்டேஜ் என்ற ராக் குழுவை நடத்தியவர். டிரம்ஸ் வாசித்த அதே கைகள் பின்னர் முறைப்படி தவில் கற்றன. ஜெர்மனியில் குடியேறி, அங்குள்ள ஜாஸ் மேடைகளில் தவில் ஒலிக்கச் செய்தார். உஷா உதூப்பும் அந்தத் தலைமுறைதான். பம்பாய்த் தமிழ்க் குடும்பத்துப் பெண். மவுண்ட் ரோட்டின் 'நைன் ஜெம்ஸ்' இரவு விடுதியில், பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ஆங்கிலப் பாடல் பாடித் தொடங்கியவர்.

அன்று இருபது வயதில் இருந்தவர்கள் இன்று எழுபதைக் கடந்துவிட்டார்கள். இங்கிருந்து போய்ச் சென்னைக் கல்லூரிகளில் படித்தவர்கள் இந்த அவையிலேயே இருக்கக்கூடும். 1968-இல் ஆரோவில் தொடங்கிய பின், புதுச்சேரிச் சாலையில் நீள்முடி வெளிநாட்டினரைப் பார்த்த கடலூர்க்காரர்களும் இருப்பார்கள். மாணவர்களே, அவர்களிடம் கைப்பேசியை நீட்டிக் கேளுங்கள்: எந்தக் குழுவைக் கேட்டீர்கள், எந்த மண்டபத்தில், நுழைவுச்சீட்டு எவ்வளவு, வீட்டில் என்ன சொன்னார்கள்? பரணில் பழைய தட்டோ துண்டறிக்கையோ கிடந்தால் பழைய கடைக்குப் போடாதீர்கள். நூலகத்தில் கொண்டுவந்து சேர்த்துவிடுங்கள்.